ஏன் பதில் வரவில்லை? வின்னிபெக்கில் ஆறு நாள்

முதல் நாள்: செப்டெம்பர் 25, 2025, வியாழன்

ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். கீழே பார்த்தால் தோசைக்கல் மாதிரித் தட்டையான நிலம், கட்டம் கட்டமாக அறுவடை முடிந்த வயல்கள். தங்கச்சி (சித்தியின் மகள்) விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். "அக்கா, இந்த ஊருக்கு யாரும் சும்மா வாறேல்லை. என்ன அலுவல்?" என்றாள் ஏறியதும்.

அலுவல் இதுதான். ஸ்காபரோவில் எங்கள் முதியோர் சங்கத்துக்கு நான் செயலாளர். இந்த ஜனவரிப் பொங்கல் விழாவுக்குப் பூர்வகுடி அமைப்புகள் மூன்றுக்கு மின்னஞ்சல் போட்டோம்: வந்து ஐந்து நிமிடம் ஆசியுரை சொல்லுங்கள், சால்வை போர்த்திக் கௌரவிப்போம். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் போட்டோம். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடம் மிகவும் மரியாதையாக "இயலாது" என்றது. கடைசியில் நானே மேடையேறி, இது மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம் என்ற பத்தியை வாசித்தேன். உச்சரிப்பில் இரண்டு இடத்தில் தடுக்கிவிழுந்தேன். கீழே இருந்தவர்கள் பொங்கல் ஆறுகிறதே என்ற முகத்தோடு இருந்தார்கள்.

"அவையளுக்கு எங்களோடை சேர விருப்பமில்லைப் போல" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கனடாவின் பெருநகரங்களில் பூர்வகுடி மக்கள் அதிகம் வாழ்வது வின்னிபெக்கில்தான். 2021 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேல், சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் எட்டுப் பேரில் ஒருவர். இந்த ஊர் நிறுவனங்கள் அவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். தங்கச்சியின் வீடு இருப்பதால் ஹோட்டல் செலவும் இல்லை.

இரண்டாம் நாள்: செப்டெம்பர் 26, வெள்ளி

காலையில் ஹிகின்ஸ் அவெனியூ. பெரிய தூண்களோடு ஒரு பழைய ரயில் நிலையம். கனேடியன் பசிபிக் கம்பெனி நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியது. ஐரோப்பாவிலிருந்து மேற்கே நிலம் தேடிப் போன லட்சக்கணக்கானவர்கள் இறங்கி ஏறிய இடம். எங்களுக்குப் பியர்சன் விமான நிலையம் எப்படியோ, அவர்களுக்கு இது. 1970-களின் இறுதியில் பயணிகள் ரயில் நின்றது, கட்டடம் பாழடைந்தது. 1992-இல் பூர்வகுடி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து அதை விலைக்கு வாங்கின. இன்றைக்கு அதன் பெயர் நீகினான். கிரீ என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் "எங்கள் இடம்". தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு, பிள்ளைகள் பராமரிப்பு எல்லாம் அங்கேயும் அதைச் சுற்றியும் நடக்கின்றன. தங்கள் நிலத்தை எடுக்க வந்தவர்கள் வந்திறங்கிய மண்டபத்தையே வாங்கிப் பெயரும் மாற்றியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் குறும்பும்தான்.

பிற்பகலில், தங்கச்சிக்குத் தெரிந்த ஒருவர் மூலம், சமூக நிலையம் ஒன்றில் வேலை செய்யும் கிரீப் பெண்மணி ஒருவரைச் சந்திக்கக் கிடைத்தது. எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். கோப்பியைக் கையில் தந்துவிட்டு, "சரி, என்ன நடந்தது?" என்றார். பொங்கல் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. எங்கள் மின்னஞ்சலைக் காட்டச் சொன்னார். கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி முழுவதும் வாசித்தார்.

பிறகு கேட்கத் தொடங்கினார். மூத்தவர் ஒருவரிடம் ஏதாவது கேட்கப் போனால் புகையிலை கொண்டுபோய்க் கையில் கொடுத்துக் கேட்பது எங்கள் முறை, தெரியுமா? தெரியாது. வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவு? யோசிக்கவில்லை. அவருடைய நேரத்துக்குக் காணிக்கை? சால்வை... என்று இழுத்தேன். அன்றைய பாட்டுக்காரருக்கு என்ன கொடுத்தீர்கள்? முந்நூறு டாலர். பூசைக்கு வந்த ஐயருக்கு? அதுவும் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

ஐயரை வீட்டுக்கு அழைக்கும்போது வெற்றிலை பாக்கு வைக்காமல் அழைப்போமா? தட்சணை இல்லாமல் அனுப்புவோமா? நமக்கு அந்த முறை தெரியாததில்லை. அவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. பூர்வகுடி மக்களுக்கான நாட்கள் வருகிற ஜூன் மாதத்திலும் செப்டெம்பர் கடைசியிலும் அவர்களுக்கு இப்படி அழைப்பு குவியுமாம். வங்கி, பள்ளிக்கூடம், காப்புறுதிக் கம்பெனி, எல்லோருக்கும் தொடக்கவுரைக்கு ஆள் வேண்டும். "நீங்கள் வந்து எங்களுக்கு இதைச் செய்யுங்கள் என்றுதான் எல்லாக் கடிதமும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருகிற கடிதம் குறைவு" என்றார்.

வெளியே வந்து செல்கிர்க் அவெனியூவில் நடந்தோம். பூட்டிய கடைகள், சுவரோவியங்கள். மேர்ச்சன்ட்ஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. மதுக்கடைக்கும் அடிதடிக்கும் பெயர்போனது. அந்தப் பகுதி மக்கள் போராடி அது 2012-இல் மூடப்பட்டது. இன்றைக்கு அதே மூலையில் வின்னிபெக் பல்கலைக்கழகத்தின் நகரவியல் துறை வகுப்புகள் நடக்கின்றன, மாணவர் குடும்பங்களுக்கு வீடுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. தானே ரயில் பாதையைத் தாண்டி வடக்கே வந்திருக்கிறது. இந்த ஊரில் அந்தத் தண்டவாளம் சும்மா தண்டவாளமில்லை என்று தங்கச்சி சொன்னாள். தெற்கே இருப்பவர்கள் பலர் வடக்கே வருவதே இல்லையாம். அவளும் பதினோரு வருடத்தில் இது மூன்றாவது தரம் என்றாள்.

இரவு கரடிக்குலக் காவல் நடையைப் பார்த்தோம். பளிச்சென்ற சட்டை போட்ட தொண்டர்கள், தள்ளுவண்டியில் உணவு, கையில் இடுக்கி. தெருவில் கிடக்கும் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டே போகிறார்கள். அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் மரபில் கரடிக்குலத்துக்குக் காவல் பொறுப்பு. 1992-இல் தொடங்கி, இடையில் நின்று, 2014-இல் பதினைந்து வயதுப் பூர்வகுடிச் சிறுமியின் உடல் செந்நதியில் கண்டெடுக்கப்பட்ட பிறகு மீண்டும் உயிர்பெற்றது. அன்றைய குழுவில் பிலிப்பினோ இளைஞர் ஒருவரும் இருந்தார். யாரும் அவரை ஆசியுரை சொல்ல அழைக்கவில்லை. அவரும் யாரையும் அழைக்கவில்லை. ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள்: செப்டெம்பர் 27, சனி

இன்றைக்கு முழுவதும் தண்ணீர்.

காலையில் தங்கச்சி வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தேன். நல்ல தண்ணீர், ருசியாகவே இருந்தது. "இது எங்கையிருந்து வருது தெரியுமா?" என்றேன். "ஆத்திலை இருந்து தானே?" என்றாள். இல்லை. வின்னிபெக் என்ற பெயருக்கே கிரீ மொழியில் கலங்கிய தண்ணீர் என்று அர்த்தம். ஊருக்குள் ஓடும் இரண்டு ஆறும் அப்படித்தான், களிமண் நிறம். இந்தக் கிளாஸில் இருப்பது கிழக்கே, ஒன்ராறியோ எல்லையில் இருக்கும் ஷோல் ஏரித் தண்ணீர். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கொங்கிரீட் கால்வாயில், பம்ப் இல்லாமல், நிலச் சரிவிலேயே ஓடி வருகிறது. 1919-இல் திறந்தார்கள். பொறியியல் என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த ஏரிக்கரையில் ஷோல் லேக் 40 என்ற அனிஷினாபே முதற்குடி (பூர்வகுடிச் சமூகங்களை இங்கே First Nation, முதற்குடி, என்பார்கள்) வாழ்ந்தது. கால்வாயின் வாய் அவர்கள் ஊரிலேயே வைக்கப்பட்டது. நிலம் எடுக்கப்பட்டு, மக்கள் ஒரு தீபகற்பத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கலங்கல் தண்ணீர் நகரத்தின் குழாய்க்குள் வராமல் இருக்க வெட்டிய வாய்க்கால் அந்தத் தீபகற்பத்தையும் தீவாக்கிவிட்டது. கோடையில் படகு, மாரியில் உறைந்த ஏரிக்கு மேல் நடை. பனி உடைந்து செத்தவர்களும் உண்டு. பாதை இல்லாததால் சுத்திகரிப்பு ஆலை கட்டப் பொருள் கொண்டுபோவதே பெருஞ்செலவு. 1997-லிருந்து அந்த ஊருக்குக் "கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்" என்ற எச்சரிக்கை. அதே ஏரியின் தண்ணீரை இங்கே ஏழு லட்சம் பேர் குழாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தோம். "குடித்தோம்" என்கிறேன், நானும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டேனே.

மத்தியானம் மனித உரிமைகளுக்கான கனேடிய அருங்காட்சியகம் போனோம். 2014-இல் திறந்தது, கண்ணாடியும் கல்லுமாகப் பிரமாண்டம். உள்ளே எல்லாம் அருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், குறையே சொல்ல முடியாது. ஆனால் அதே 2014-இல் ஷோல் லேக் 40 மக்கள் தங்கள் ஊரையே "கனேடிய மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம்" என்று அறிவித்தார்கள். வாருங்கள், வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். ஒரு டாலர் செலவில்லாமல் ஓர் அருங்காட்சியகம்! இதைவிடக் கூர்மையான பகிடியை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் நகரத்தில் சூடு ஏறியது. வின்னிபெக்கில் தேவாலயங்களும் சாதாரணக் குடும்பங்களும் அவர்களுக்கு ஒரு பாதை கேட்டுக் குரல் கொடுத்தார்கள். மூன்று அரசுகளும், மத்திய, மாகாண, நகர அரசுகள், செலவைப் பங்குபோட ஒத்துக்கொண்டன. 24 கிலோமீட்டர் பாதை, பெயர் சுதந்திரப் பாதை. 2019-இல் திறந்தார்கள், கால்வாய் திறந்து சரியாக நூறு வருடம் கழித்து. 2021 செப்டெம்பரில் சுத்திகரிப்பு ஆலை வந்தது, எச்சரிக்கை நீங்கியது. 24 வருடம்.

அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்போமா என்று தங்கச்சியின் கணவர் காரை எடுக்கத் தயாரானார். இரண்டு மணி நேர ஓட்டம்தான். வேண்டாம் என்றேன். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. தெரியாதவர்கள் வீட்டு முற்றத்தில் இறங்கி நின்று படம் எடுக்கிற மாதிரி இருந்திருக்கும்.

இரவு சாப்பாட்டில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இதிலை கூட்டாண்மை எங்கை இருக்கு அக்கா? செய்த பிழையைத் திருத்தினதுதானே?" ஓம், அதுதான் என்றேன். அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பொங்கல் மேடைப் பேச்சுத்தான்.

நான்காம் நாள்: செப்டெம்பர் 28, ஞாயிறு

மழை. சென் பொனிஃபஸ் தேவாலய முற்றத்தில் லூயி ரியேலின் கல்லறை. பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மேட்டி மக்களின் தலைவர், 1885-இல் தூக்கிலிடப்பட்டவர். இன்று வின்னிபெக் இருக்கும் மனிற்றோபா மாகாணத்தில் பிப்ரவரியில் அவர் பெயரில் விடுமுறை நாள். தூக்கிலிட்ட நாடே விடுமுறையும் விடுகிறது.

திரும்பும் வழியில் அபினோஜி மிகானா. நகரத்தின் தெற்கே ஓடும் பெரிய வீதி. முன்பு பிஷப் கிராண்டின் பெயரில் இருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளுக்காக வாதாடிய ஆயர் அவர். 2023-இல் நகரசபை பெயரை மாற்றியது. புதிய பெயருக்குப் பிள்ளைகளின் பாதை என்று அர்த்தம்.

"வாயிலை நுழையாத பெயர்" என்றார் தங்கச்சியின் கணவர். அவர் பெயர் ஞானசம்பந்தமூர்த்தி. வேலையிடத்தில் அதை "நான்" என்று வெட்டிவிட்டார்கள் என்று இருபது வருடமாகப் புலம்பிக்கொண்டிருப்பவர். தங்கச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வீடு வரும்வரை அவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். நாலாம் தரம் சரியாக வந்தது.

ஐந்தாம் நாள்: செப்டெம்பர் 29, திங்கள்

2015 ஜனவரியில் ஒரு தேசிய சஞ்சிகை, கனடாவில் இனவாதம் மிக மோசமாக இருப்பது வின்னிபெக்கில் என்று அட்டையில் போட்டது. அப்போதைய மேயர் பிரையன் போமன், மேட்டி வம்சாவளியில் வந்த இந்த நகரத்தின் முதல் மேயர், பூர்வகுடித் தலைவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண் கலங்கப் பத்திரிகையாளரைச் சந்தித்தார். அந்தச் சஞ்சிகை பொய் சொல்கிறது என்று அவர் சண்டைக்குப் போகவில்லை. அதுதான் பெரிது.

அதன் தொடர்ச்சியாக 2017-இல் நகரசபை பூர்வகுடி உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. நகரத்தில் இருக்கும் எந்த நிறுவனமும் அதில் கையெழுத்திடலாம்: பள்ளிக் கழகம், பல்கலைக்கழகம், கம்பெனி, தேவாலயம், கலைக் குழு. எனக்குப் பிடித்த இடம், கையெழுத்தோடு அது முடியாதது. என்ன செய்யப்போகிறோம் என்று இலக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் செய்தோமா இல்லையா என்று அறிக்கை தர வேண்டும். வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் தந்த 94 அறைகூவல்களில் எதைத் தொட்டோம் என்று சொல்ல வேண்டும்.

சில அறிக்கைகளைத் தங்கச்சியின் மேசையில் இருந்து வாசித்தேன். நேர்மையாகச் சொன்னால் பாதி சப்பென்றுதான் இருக்கின்றன. ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தோம், செப்டெம்பர் 30-க்குச் செம்மஞ்சள் சட்டை போட்டோம். ஆனால் இத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம், இன்னாரிடமிருந்து இவ்வளவுக்குக் கொள்முதல் செய்தோம் என்று எண்ணோடு எழுதியவர்களும் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை எந்தப் பாதியில் சேரும் என்று எனக்குத் தெரியும்.

பிற்பகல் போர்ட்டேஜ் அவெனியூவில் ஹட்சன் பே கம்பெனியின் கட்டடம் பார்க்கப் போனேன். 1926-இல் திறந்த ஆறு மாடிக் கடை, 2020-இல் மூடிவிட்டார்கள். 1670-இல் இங்கிலாந்து மன்னர், இங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமலே, இன்றைய கனடாவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்தை இந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். குத்தகையாக, மன்னரோ அவர் வாரிசோ வந்தால் இரண்டு மானும் இரண்டு நீர்நாயும் கொடுக்க வேண்டும் என்று சாசனம். எல்க் என்பதை மான் என்றும் பீவரை நீர்நாய் என்றும் எழுதுகிறேன், விலங்கியல் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். 2022 ஏப்ரலில் கம்பெனி இந்தக் கட்டடத்தைத் தெற்கு மனிற்றோபாவின் முதற்குடித் தலைவர்கள் அமைப்பிடம் ஒப்படைத்தது. அந்த விழாவில் முதற்குடிகள் கம்பெனிக்கு அடையாள விலையாகக் கொடுத்தது என்ன தெரியுமா? இரண்டு பீவர் தோல், இரண்டு எல்க் தோல்.

உள்ளே 300 வீடுகள், மூத்தவர்களுக்கான இடம், உணவகம், அருங்காட்சியகம் எல்லாம் வரத் திட்டம். வேலை இன்னும் முடியவில்லை. சீர்செய்யப் பெருஞ்செலவு. பழைய கட்டடத்தைத் தந்தது கொடையா, தலையிடியைத் தள்ளிவிட்டதா என்று கேட்பவர்களும் உண்டு, அந்தக் கேள்வியிலும் ஞாயம் இருக்கிறது. கம்பெனியோ 2025-இல் திவாலாகி, ஜூனோடு எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. 355 வருடம். கட்டடம் நிற்கிறது, பத்திரம் முதற்குடிகள் பெயரில்.

அங்கிருந்து கெனஸ்டன் வீதி வழியாக நாவி-ஊடெனா. முன்பு இராணுவ முகாம். 2004-இல் படை போய்விட்டது. காலியான அரச நிலத்தில் தங்களுக்கு உரிமை இருக்கிறது, எங்களைக் கேட்காமல் கைமாற்ற முடியாது என்று, கனடா அரசோடு முதலாம் உடன்படிக்கை செய்த முதற்குடிகள் வழக்குப் போட்டன. வருடக்கணக்காக இழுபட்டு, 2019-இல் இணக்கம். 2022 டிசம்பரில் முகாம் நிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஏழு முதற்குடிகளின் கூட்டு ஒதுக்க நிலம் (ரிசர்வ்) ஆனது. நகரத்துக்குள்ளேயே, ஐகியா கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தண்ணீர், தீயணைப்பு போன்ற சேவைகளுக்கு நகரத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுகிறார்கள். இதில் மேடைப் பேச்சுக்கு இடமே இல்லை: இரண்டு அரசுகள் மேசையில் உட்கார்ந்து குழாய்க்கும் வீதிக்கும் கணக்குப் பார்க்கின்றன.

அந்த முதலாம் உடன்படிக்கை 1871-இல் போட்டது. சூரியன் ஒளிரும்வரை, ஆறு ஓடும்வரை என்று இந்த உடன்படிக்கைகளைப் பற்றிச் சொல்வார்கள். நம் கல்வெட்டுகளில் சந்திராதித்தவரை என்று வெட்டியிருப்பது ஞாபகம் வந்தது. உடன்படிக்கைப்படி முதலில் ஆளுக்கு வருடம் மூன்று டாலர், 1875-இல் அது ஐந்து டாலரானது. இன்றைக்கும் அதே ஐந்து டாலர்தான். சூரியன் ஒளிர்கிறது, விலைவாசி மட்டும் நின்றுவிட்டது போல.

ஆறாம் நாள்: செப்டெம்பர் 30, செவ்வாய்

உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். 1973-இல் வதிவிடப் பள்ளிக்குப் போன முதல் நாளே, பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சள் சட்டையை ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்றைக்கு ஊரே அந்த நிறம்.

செந்நதியும் அசினிபாயின் ஆறும் கூடும் துறையில், ஊடெனா வட்டத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஆட்கள். ஆறாயிரம் வருடமாக மனிதர்கள் கூடிவந்த இடம் இது. தங்கச்சியின் மருமகளும் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. 2023-இல் குடியுரிமை எடுத்தவள். சத்தியப் பிரமாணத்தில் முதற்குடிகள், இனுயிட், மேட்டி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்று தான் சொன்னதாகச் சொன்னாள். அந்த வரி 2021-இல் சேர்த்தது. நான் 1996-இல் எடுத்த பிரமாணத்தில் இல்லை. "அப்ப நீங்க சொல்லேல்லையா பெரியம்மா?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

பறை மாதிரி நெஞ்சில் இடிக்கும் மேளம். ஒரு தோலை எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து அடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சந்தித்த பெண்மணியைக் கூட்டத்தில் தூரத்தில் கண்டேன். பேரப்பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார். போய்த் தொந்தரவு செய்யவில்லை. கையசைத்தேன், அவரும் அசைத்தார்.

மாலை விமான நிலையத்தில் உட்கார்ந்து, ஜனவரியில் மரியாதையாக மறுத்த அந்த ஒரு அமைப்புக்கு எழுதினேன். அப்படி அழைத்தது பிழை என்று முதல் வரியில் போட்டேன். எங்கள் மண்டபமும் சமையலறையும் செவ்வாய், வியாழன் பகலில் சும்மா கிடக்கின்றன, நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு இதில் ஏதாவது பயன்படுமா என்று கேட்டேன். வந்து பேச நேரம் தந்தால், வரும் செலவும் காணிக்கையும் எங்களுடையது என்றும் எழுதினேன். பொங்கலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

எங்கள் பொருளாளருக்கும் ஒரு பிரதி போட்டிருந்தேன். விமானத்தில் ஏற வரிசையில் நிற்கும்போது அவருடைய அழைப்பு. "அக்கா, எல்லாம் நல்லம். இந்தக் காணிக்கையைக் கணக்கிலை எந்தத் தலைப்பிலை போடுறது?"

"ஐயருக்குக் குடுத்ததை எதிலை போட்டனீங்கள்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, அதுக்குக் கீழை போடுறன்" என்றார்.